முதல் ஏர் பிஸ்டல்: மொரினியா, ஸ்டெயரா?

வாசகர் கேள்வி, மதுரை
11 ஆகஸ்ட் 2024

அண்ணா, என் மகளுக்குப் பதினான்கு வயது. போன வருடக் கடைசியிலிருந்து இங்குள்ள ரேஞ்சில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். கிளப் பிஸ்டலில் 600-க்கு 530 பக்கம் வருகிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் மெடல் வாங்கியதிலிருந்து சொந்த பிஸ்டல் வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. கோச் மொரினி என்கிறார். கூடச் சுடும் பையனின் அப்பா ஸ்டெயர்தான் என்று சத்தியம் செய்கிறார். என் மச்சான் போலீசில் இருக்கிறார், வாங்குவதுதான் வாங்குகிறாய்,.22 வாங்கு, அதுதான் நிஜத் துப்பாக்கி என்கிறார். இரண்டு லட்சம் எனக்குச் சின்னக் காசு இல்லை. எதை வாங்கலாம்?

11 ஆகஸ்ட் 2024, இரவு

மச்சான் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். .22 இப்போதைக்கு வேண்டாம். அது வெடிமருந்துத் துப்பாக்கி, ஆயுதச் சட்டத்துக்குள் வரும். லைசென்ஸ் வேண்டும், அதற்கு 21 வயது என்பது பொது விதி. சிறுவர்கள் மேற்பார்வையில் பயிற்சிக்குச் சுடலாம், அவ்வளவுதான். தோட்டா வாங்கவும் கணக்கு, வைக்கவும் கணக்கு. ஏர் பிஸ்டலில் அந்த அலைச்சல் இல்லை. 4.5 மி.மீ. குழாய், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் லைசென்ஸ் தேவையில்லை. போட்டி பிஸ்டலில் வருவது 5, 6 ஜூல்தான். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தால் குண்டு போடாமலே தினமும் பயிற்சி செய்யலாம். .22-ஆல் சுடும் 25 மீட்டர் போட்டியில் சாதித்தவர்களில் பெரும்பாலோர் 10 மீட்டரில் கையைப் பழக்கிவிட்டுப் போனவர்கள்தான்.

இப்போது மொரினியா, ஸ்டெயரா. இந்தக் கேள்வியை ரேஞ்சில் யாரிடம் கேட்டாலும் தன் கையில் இருப்பதைச் சொல்வார்கள். நான் ஸ்டெயர் வைத்திருக்கிறேன், ஆனால் அதை வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை.

குறி அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட்டின், அதாவது ஈயக் குண்டின், ஓரம் அந்தக் கோட்டைத் தொட்டாலே பத்து. ஆகவே பெல்லட்டின் நடு, குறியின் நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். மொரினி, ஸ்டெயர், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி, இவற்றில் எதை எடுத்துப் பெஞ்சில் இறுக்கிக் கட்டிச் சுட்டாலும் ஐந்து பெல்லட்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டைக்குள் போகும். 530 அடிக்கும் கைக்கும் 580 அடிக்கும் கைக்கும் உள்ள வித்தியாசம் குழாயில் இல்லை. பாப்பா இழக்கிற எழுபது புள்ளியில் ஒன்றைக்கூட பிஸ்டலின் பெயர் திருப்பித் தராது.

அதனால் என் பதில்: இன்னும் ஆறு மாதம் கிளப் பிஸ்டலிலேயே சுடட்டும். ஸ்கோர் ஏறி இறங்காமல் ஓரிடத்தில் நிற்கட்டும். அப்புறம் அவள் கைக்கு எது உட்காருகிறதோ அதை வாங்குங்கள்.

12 ஆகஸ்ட் 2024

"கைக்கு உட்காருவது என்றால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். அது விரிவாகச் சொல்ல வேண்டியதுதான், ஏனென்றால் பிஸ்டல் தேர்வில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 320 மி.மீ. இருக்கும் என்று வையுங்கள். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் கால் மில்லிமீட்டர் ஒரு பக்கம் ஒதுங்கினால் 10 மீட்டர் தள்ளி அது ஏறக்குறைய 8 மி.மீ. ஆகிவிடும். நேற்று சொன்ன அந்த 8 மி.மீ. முழுவதும் காலி. கால் மில்லிமீட்டர் என்பது மூன்று தாள் தடிமன்கூட இல்லை. இதற்கு மாறாக, இரண்டு சைட்டும் சரியாகச் சேர்ந்திருக்க, கை மொத்தமும் 5 மி.மீ. ஆடினால் பெல்லட்டும் அதே 5 மி.மீ.தான் விலகும். பத்துக்குள்ளேயே இருக்கும்.

இந்தக் கணக்கு மனதில் ஏறிவிட்டால் போதும், கை நடுங்குகிறதே என்ற பயம் போய்விடும். எல்லார் கையும் ஆடும், ஒலிம்பிக்கில் நிற்பவர் கையும் ஆடும். கெடுப்பது மணிக்கட்டின் மடிப்பு. மணிக்கட்டை மடிக்க வைப்பது பொருந்தாத கிரிப், அதாவது கைப்பிடி.

சோதனை எளிது. காலி பிஸ்டலைச் சுவரைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, இரண்டு மூச்சு நிற்கட்டும். அப்புறம் கண்ணைத் திறக்கட்டும். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் இருந்தால் கிரிப் அவளுக்கானது. எப்போதும் வலப்பக்கமோ கீழேயோ ஒதுங்கி நின்றால், அந்த கிரிப்போடு அவள் ஒவ்வொரு குண்டுக்கும் மல்லுக்கட்ட வேண்டும். ஒரு போட்டிக்கு 60 குண்டு, 75 நிமிடம். நாற்பதாவது குண்டுக்கு மேல் கை தோற்கும்.

கிளப் பிஸ்டலின் கிரிப் அடுத்தவர் காலுக்குப் பழகிய செருப்பு மாதிரி. ஒருவர் இழைத்திருப்பார், இன்னொருவர் மக்கு பூசியிருப்பார்.

14 ஆகஸ்ட் 2024

ட்ரிகர் பற்றி ஒரு வரி கேட்டார்கள். ஏர் பிஸ்டலில் ட்ரிகர் எடை, அதாவது அது விடுபடத் தேவையான அழுத்தம், குறைந்தது 500 கிராம். குழாயை மேல்நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து, ட்ரிகரில் 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள், விடுபடக் கூடாது. போட்டி முடிந்த பிறகும் ஆளைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பார்கள், அங்கே தவறினால் ஸ்கோர் போயிற்று. ஆகவே 500-இல் நிறுத்தாமல் பத்திருபது கிராம் கூடவே வையுங்கள். ட்ரிகர் இரண்டு கட்டமாக அழுந்தும். அந்த எடையில் பெரும்பகுதியை முதல் கட்டத்தில் வைத்து, கடைசிக் கட்டத்துக்குக் கொஞ்சம் மட்டும் மிச்சம் வைப்பது என் பழக்கம். பாப்பாவுக்கு முதலில் நேர்மாறாக வைத்துப் பழக்குங்கள். கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் கனம் இருந்தால்தான் விரல் தானாக அழுத்தக் கற்கும்.

17 ஆகஸ்ட் 2024

பேட்டரியில் இயங்கும் எலக்ட்ரானிக் ட்ரிகர் பற்றிக் கோவையிலிருந்து ஒரு நண்பர் காரமாக எழுதியிருக்கிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்ததை மறந்துவிட்டு எலக்ட்ரானிக் வாங்கச் சொல்கிறீர்களா என்று. நான் வாங்கச் சொல்லவில்லை, ஆனாலும் பேச வேண்டிய விஷயம்தான்.

2021 ஜூலையில் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. சரிசெய்து திரும்பி வருவதற்குள் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாக்கி. அவசரமாகச் சுட்டும் 575 எடுத்து 12-ஆம் இடத்தில் வந்தார். முதல் எட்டுக்குள் வந்தால்தான் இறுதிச் சுற்று. அந்த நிலையில் 575 என்பது என் பார்வையில் பெரிய சாதனை. அன்று ஊரே அவரைத் திட்டியது எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்று வருடம் கழித்து பாரிசில் தகுதிச் சுற்றில் 580, இறுதியில் 221.7, வெண்கலம். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண்.

ஆனால் இதிலிருந்து எலக்ட்ரானிக் கூடாது என்று முடிவெடுப்பது சரியில்லை. மெக்கானிக்கல் பிஸ்டலிலும் ஸ்பிரிங் உடையும், ஓ-ரிங் கசியும். இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: பெரிய போட்டிக்குப் போகிறவர் கையோடு இன்னொரு பிஸ்டல் இருக்க வேண்டும். அதுவும் அதே கிரிப், அதே ட்ரிகர் எடை, சைட் பார்த்து வைத்தது. மாவட்ட அளவில் இது கட்டுபடியாகாது. கிளப்பில் ஒன்றை இரவல் சொல்லி வைத்துக்கொள்வதுதான் வழி.

எலக்ட்ரானிக்கின் உண்மையான லாபம் வீட்டுப் பயிற்சியில். ஒவ்வொரு முறையும் லீவரைத் திறந்து மூடாமல் சும்மா அழுத்திக்கொண்டே போகலாம், பிடி கலையாது. எங்கள் ரேஞ்சில் எலக்ட்ரானிக் வைத்திருக்கும் பிள்ளைகள் டிரை பயிற்சி, அதாவது பெல்லட் இல்லாமல் சுட்டுப் பழகுவது, அதிகம் செய்வதைப் பார்க்கிறேன். பிஸ்டல் சோம்பலைக் குறைக்கிறது என்றால் அதுவும் ஒரு மதிப்புதான். எதிர்ப்பக்கம், பேட்டரி. இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிற வகையாக இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

25 ஆகஸ்ட் 2024

பழைய பிஸ்டல் வாங்கலாமா? தாராளமாக. நல்ல பராமரிப்பில் இருந்த போட்டி பிஸ்டல் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். குழாய் தேயும் அளவுக்கு நம்மில் யாரும் சுடப்போவதில்லை.

பார்க்க வேண்டியது காற்று சிலிண்டர். அதன் மேலேயே தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அலுமினிய சிலிண்டர்களுக்குப் பெரும்பாலும் பத்து வருடம்தான் ஆயுள் என்று கம்பெனியே சொல்லிவிடுகிறது. 200 பார் காற்றை அடைத்துக்கொண்டு முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சாமான் அது. கெடு தாண்டியதைப் பயன்படுத்தாதீர்கள். சர்வதேசப் போட்டிகளில் அனுமதிக்கவே மாட்டார்கள். எனக்கு ஒருவர் பிஸ்டல் விற்க வந்தபோது சிலிண்டரின் அந்தப் பகுதியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்தேன், வருடம் தெரிந்தது, பேச்சு அங்கேயே முடிந்தது. புது சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பிஸ்டலோடு வரும் இரண்டு சிலிண்டரும் கெடு தாண்டியிருந்தால் மலிவான பிஸ்டல் மலிவில்லை.

காற்று நிரப்புவது இன்னொரு செலவு. கைப்பம்பு போதும் என்பார்கள், போதும்தான். ஆனால் நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றை அப்படியே பம்பில் அடித்தால் தண்ணீர் உள்ளே போகும். சிலிக்கா ஜெல் வடிகட்டி உள்ள பம்பாகப் பார்த்து, ஜெல் நிறம் மாறும்போது மாற்றுங்கள். கிளப்பில் ஸ்கூபா சிலிண்டர் இருந்தால் அதில் நிரப்புவது உத்தமம்.

26 ஆகஸ்ட் 2024

சிலிண்டரே வேண்டாம், ரஷ்யாவின் பைக்கால் ஐ.இசட்.எச்.-46எம் எப்படி என்று ஒருவர். அருமையான பிஸ்டல். குழாயின் அடியில் உள்ள லீவரை ஒருமுறை இழுத்து மூடினால் ஒரு குண்டுக்கான காற்று தயார். நான் பழகியது அதில்தான். குறி தவறாது. ஆனால் கனம், ஏறக்குறைய 1.3 கிலோ. அந்த லீவரை, போட்டிக்கு முன் சைட் சரிபார்க்கச் சுடும் குண்டுகளோடு சேர்த்து, எண்பது முறைக்கு மேல் இழுக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சரி. பதினான்கு வயதுக் குழந்தைக்கு வேண்டாம். விதியில் 1500 கிராம் வரை அனுமதி என்பதற்காக அந்த எடையைத் தூக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இப்போதைய பிஸ்டல்கள் ஒரு கிலோவை ஒட்டி வருகின்றன, குட்டைக் குழாய் மாடல்கள் அதற்கும் குறைவு.

1 செப்டம்பர் 2024

ஆறு மாதம் காத்திருங்கள் என்று எழுதியதை மறுபடி யோசித்தேன். மதுரைக்காரர் தன் மகள் கிளப் பிஸ்டலைப் பிடித்திருக்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். கிரிப் நடுத்தர அளவு. அவள் கைக்கு அது ரொம்பப் பெரிது. ஆள்காட்டி விரலின் நுனியால்தான் ட்ரிகரைத் தொட முடிகிறது, அதற்காகக் கை முழுவதையும் இடப்பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறாள். குழாய் முழங்கையின் கோட்டில் இல்லை, தோளுக்கு வெளியே பார்க்கிறது.

இந்த நிலையில் காத்திருந்தால் தப்பான பிடிதான் உறுதிப்படும். அதைப் பின்னால் அழிப்பது கொடுமை. ஆகவே இவர்களுக்கு மட்டும் என் யோசனை மாறுகிறது. பிஸ்டலுக்குக் காத்திருக்கலாம், கிரிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அதே கிளப் பிஸ்டலுக்குச் சின்ன அளவு கிரிப் ஒன்றை இப்போதே சொந்தமாக வாங்குங்கள். ஒரே ஒரு திருகு. வந்ததும் மாட்டி, சுட்டு முடித்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பிஸ்டல் விலையில் சின்னப் பங்குதான். பிறகு அதே மாடலையே வாங்குவதென்றால் கிரிப் வீணாகாது. கிளப் நிர்வாகி மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன், கேட்கிற விதத்தில் கேட்டால்.

3 செப்டம்பர் 2024

"2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் அஜித் சார் என்ன பிஸ்டல் வைத்திருந்தார்?" என்று ஒரு தம்பி. அன்று ரேஞ்சுக்கு வெளியே நின்ற கூட்டம் எந்தத் துப்பாக்கிப் போட்டிக்கும் தமிழ்நாட்டில் கூடியதில்லை. அதைப் பார்த்துச் சேர்ந்த பையன்களில் சிலர் இன்றும் ஒழுங்காகப் பயிற்சிக்கு வருகிறார்கள், அது எனக்கு நிஜமான சந்தோஷம். ஆனால் தம்பி, அவர் கைக்கு அமைந்தது அவருக்கு. நீங்கள் உங்கள் கையை ஒரு தாளில் வைத்து வரைந்து, நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், உள்ளங்கையின் குறுக்கேயும் அளந்து எழுதுங்கள். கம்பெனிகள் கிரிப் அளவை அதை வைத்துத்தான் சொல்கின்றன.

15 செப்டம்பர் 2024

மதுரைக்காரர் மகளோடு எங்கள் ரேஞ்சுக்கு வந்திருந்தார். நண்பர்களிடம் சொல்லி மொரினி, ஸ்டெயர், வால்தர் மூன்றையும் வரவழைத்திருந்தேன். எல்லாமே சின்ன கிரிப்.

பிராண்ட் பெயர் தெரியாத மாதிரி பிஸ்டலின் பக்கவாட்டில் காகித டேப் ஒட்டிவிட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடித் திறக்கும் சோதனை முதலில். ஒன்றில் முன் சைட் ஒவ்வொரு முறையும் தாழ்ந்தே நின்றது. கிரிப்பின் சாய்வு அவளுக்கு ஒத்துவரவில்லை. இன்னொன்றில் சரியாக வந்தது. அப்புறம் கறுப்பு வட்டம் இல்லாத வெறும் வெள்ளை அட்டையை மாட்டிப் பத்துக் குண்டு. குறி இல்லாததால் கண் சைட்டிலேயே நிற்கும். கையும் கிரிப்பும் மட்டும் பேசும். முதல் பிஸ்டலில் குண்டுகள் மேலும் கீழுமாக நீண்டு விழுந்தன. இரண்டாவதில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைச் சுற்றியே விழுந்தன. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

டேப்பை உரித்ததும் அது ஸ்டெயர் என்று தெரிந்தது. உடனே "பார்த்தீர்களா, ஸ்டெயர்தான்" என்று இங்கே யாரும் எழுத வேண்டாம். ஸ்டெயரில் திருகைத் தளர்த்தி கிரிப்பின் சாய்வை மாற்றலாம், அதை அவளுக்காக மாற்றியிருந்தோம். அதே நாள் அவளைவிட ஒரு வயது பெரிய பையன் மொரினியைப் பிடித்தான், தொட்டதும் உட்கார்ந்தது.

அப்புறம் கிரிப் வேலை. முகப்பவுடரை கிரிப் முழுவதும் பூசி, ஒருமுறை சுடுவது போலவே பிடித்துவிட்டுக் கையை எடுக்கச் சொன்னேன். எங்கே பவுடர் அழியாமல் இருக்கிறதோ அங்கே கை படவில்லை. கட்டைவிரலின் அடிப்பகுதியில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு. அங்கே எம்-சீலைப் பிசைந்து மெல்லியதாக அப்பி, கையில் தண்ணீர் தொட்டுக்கொண்டு அவளையே பிடிக்கவைத்து அச்செடுத்தோம். காய்ந்தபின் உப்புத்தாள், முதலில் சொரசொரப்பானது, கடைசியில் நைசானது. கீழே உள்ளங்கை அமரும் பலகையை மேலே ஏற்றி இறுக்கிவிடாதீர்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்கட்டும். இறுக்கினால் அரைமணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். அந்தப் பலகை 90 டிகிரிக்குக் கீழே கையை நோக்கி வளையக் கூடாது, கிரிப் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. பிஸ்டல் மொத்தமும் 420, 200, 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். எம்-சீலை அள்ளி அப்புகிறவர்கள் அந்த 50-ஐ மறந்துவிட்டு, போட்டி அன்று காலையில் கருவிச் சோதனை மேசையின் முன்னால் நின்று உப்புத்தாள் தேடுகிறார்கள்.

22 செப்டம்பர் 2024

இன்னும் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். கிரிப் மட்டும் ஆர்டர் போட்டிருக்கிறார். நல்லது. அந்த இடைவெளியில் பாப்பா செய்ய வேண்டியது: சுவரைப் பார்த்து டிரை. தூக்கு, நில், எட்டு வினாடிக்குள் விடுபடவில்லை என்றால் இறக்கிவிடு. இறக்குவதற்குத் தைரியம் வருவதுதான் கஷ்டம். எனக்கு அது வர ரொம்ப நாளாயிற்று.

6 அக்டோபர் 2024

வயது ஐம்பதைத் தொட்ட ஒரு அன்பர் தனியாகக் கேட்டதைப் பொதுவாகவே சொல்கிறேன், பலருக்கும் உதவும். குறி தெளிவாகத் தெரிகிறது, முன் சைட் மங்கலாக இருக்கிறது, எந்த பிஸ்டலில் சைட் நன்றாக இருக்கும் என்கிறார். பிஸ்டலை மாற்ற வேண்டாம், கண்ணாடியை மாற்றுங்கள். தூரப்பார்வைக்கு உங்களுக்கு என்ன பவரோ அதோடு +0.5 அல்லது +0.75 கூட்டி ஒரு கண்ணாடி போடச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடையில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, கை நீட்டிய தூரத்தில் பார்க்க வேண்டும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். முன் சைட் கத்தி மாதிரி தெரிய வேண்டும், குறி மங்கலாக இருக்கட்டும், அதுதான் சரி. வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுடாதீர்கள், குறி மொத்தமாகக் கரைந்துவிடும்.

துருக்கியின் யூசுஃப் டிகெச் பாரிசில் சாதாரணக் கண்ணாடியும் பாக்கெட்டில் கையுமாக நின்று கலப்பு அணி வெள்ளி வாங்கியதைப் பார்த்து, சுடுவதற்கென்று தனி லென்ஸ் கிண்ஸ் எல்லாம் தேவையில்லை என்று இங்கே ஒரு பேச்சு ஓடியது. தேவையா இல்லையா என்பது உங்கள் கண்ணைப் பொறுத்தது. அவருக்கு அப்போது 51 வயது என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த விளையாட்டில் நமக்கு இன்னும் காலம் இருக்கிறது.

19 அக்டோபர் 2024

பெல்லட். தட்டைத் தலை உள்ள போட்டி பெல்லட்தான். அட்டையில் வட்டமாக வெட்டும். பிஸ்டலுக்கு 7 கிரெய்ன் எடை பக்கம் உள்ள லேசான வகை, ரைஃபிளுக்கு 8.2. தலை அளவு 4.49, 4.50 மி.மீ. என்று டப்பாவில் போட்டிருக்கும். அந்த ஒரு நூறில் ஒரு பங்கை வைத்து மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 570-க்குக் கீழே இருக்கிறவரை அது பேச்சுக்கு மட்டும் உதவும். ஆர்.டபிள்யூ.எஸ்., எச்.அண்ட்.என்., ஜே.எஸ்.பி., எதுவோ ஒன்றின் போட்டி வகையை எடுத்து அதையே தொடருங்கள். அதில் முன்னேற்றம் தேடிச் செலவழிக்கும் காசுக்கு இன்னும் நாலு டப்பா வாங்கிச் சுடலாம்.

ஈயம் என்பதை மறக்காதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பையைத் திறக்க வேண்டும். பிள்ளைகள் பெல்லட்டை உதட்டில் வைத்துக்கொண்டு லோடு செய்வதை நானே பார்த்துத் திட்டியிருக்கிறேன்.

9 நவம்பர் 2024

மச்சான் சார் இந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறார்! ".22-ஐ நீங்கள் ஒரே அடியாக ஒதுக்கிவிட்டீர்கள், விஜய் குமார் 2012 லண்டனில் வெள்ளி வாங்கியது அதில்தானே" என்று கேட்கிறார். உண்மைதான் சார். 25 மீட்டர் ரேபிட் ஃபயர், ஐந்து குறியையும் முதலில் 8 வினாடிக்குள், பிறகு 6 வினாடிக்குள், கடைசியில் 4 வினாடிக்குள் சுட வேண்டும். பார்க்க அதைவிட அழகான போட்டி எதுவும் இல்லை என்பேன்.

பாப்பா இரண்டு வருடத்தில் அங்கே வரட்டும். பெண்களுக்கான 25 மீட்டரில் 30 குண்டு நிதானமாக, 30 குண்டு வேகமாக. வேகச் சுற்றில் குறி 3 வினாடி முகம் காட்டும், 7 வினாடி மறையும். கை ஒவ்வொரு முறையும் கீழிருந்து எழ வேண்டும். அங்கே ட்ரிகர் 1000 கிராம், பிஸ்டல் 1400 கிராமுக்குள். பார்டினி எஸ்.பி., வால்தரின் எஸ்.எஸ்.பி., ஃபைன்வெர்க்பாவின் ஏ.டபிள்யூ.93 என்று தேர்வு இருக்கிறது. அங்கே கிரிப்போடு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: உதைத்த பிறகு சைட் தானாகத் திரும்பி அதே இடத்துக்கு வருகிறதா என்பது. கூடவே, கையில் இருக்கும் தோட்டாவை அந்த பிஸ்டல் சிக்காமல் சாப்பிடுகிறதா என்பதும். நமக்குக் கிடைக்கிற தோட்டா வகைகள் குறைவு, அதை வைத்துச் சோதித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். 10 மீட்டரில் ஒரே கையால், ஒரே ஒரு பெல்லட்டுக்கு நின்று பழகிய பிள்ளைக்கு அந்த 3 வினாடி தாராளமாகத் தெரியும்.

23 நவம்பர் 2024

திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் இடக்கைக்காரன், கிளப்பில் எல்லாம் வலக்கை கிரிப், வலக்கைக்கு மாறச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று.

மாற்றாதீர்கள் அம்மா. முதலில் எந்தக் கண் அவனுக்கு மேலோங்கியது என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, தூரத்தில் ஒரு விளக்கைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னால் தெரிந்துவிடும். இடக்கண் என்றால் பேச்சே இல்லை, இடக்கைதான். வலக்கண், இடக்கை என்றாலும் பிஸ்டலில் அது பெரிய தடை இல்லை. ரைஃபிள் மாதிரி கன்னத்தை வைத்துப் பார்ப்பதில்லையே, தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

இடக்கை கிரிப் எல்லாக் கம்பெனியும் செய்கிறது. இங்கே கையிருப்பில் இருக்காது, ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். கிரிப்போடு முடிவதில்லை. பெல்லட் போடும் லீவர் எந்தப் பக்கம் திறக்கிறது, இடக்கையில் பிஸ்டலைப் பிடித்தபடியே வலக்கையால் போட முடிகிறதா என்று பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே திறக்கிற லீவர் என்றால் இரண்டு கைக்கும் ஒன்றுதான்.

ஹங்கேரியின் காரொய் டாகாச் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். ராணுவத்தில் இருந்தவர், 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை போயிற்று. அவர் சுடுகிற கை அதுதான். இடக்கையில் முதலிலிருந்து பழகி, 1948 லண்டனில் ரேபிட் ஃபயர் தங்கம், 1952 ஹெல்சின்கியில் மறுபடி தங்கம். அவருக்கு மாற வேண்டிய கட்டாயம் வந்தது. உங்கள் மகனுக்கு வரவில்லை.

கிரிப் வரும்வரை வலக்கை கிரிப்பில் இடக்கையை நுழைத்துச் சுட விடாதீர்கள், மணிக்கட்டு திருகிக்கொள்ளும். கிரிப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே உள்ள உலோகத் தண்டின் மேல் சைக்கிள் ட்யூபைச் சுற்றிக்கொண்டு, பெல்லட் இல்லாமல் டிரை மட்டும் செய்யட்டும். எங்கள் ரேஞ்சில் ஒரு பெண் பிள்ளை அப்படித்தான் கிரிப் வரும்வரை ஓட்டினாள். சுற்றும்போது ட்ரிகர் பக்கம் ட்யூப் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.